மொட்டைக் கெட்டிலின் கைப்பிடி

பேக்கிங் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டதால் அது உறவுமுறை இல்லை, பட்டம். கெட்டிலை எடுத்துக் காகிதத்தின் நடுவில் வைப்பாள். மூக்குக்கு ஒரு மடிப்பு, கைப்பிடிக்கு ஒரு மடிப்பு, மூடிக்கு மேலே ஒரு முடிச்சு. பிறகு அட்டைப்பெட்டி. பெட்டியின் வாயை நூலும் பசையும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடுவாள். அதைக் கீழே போட்டால் பெட்டி நசுங்கும், வாய் திறக்காது. மற்றவர்கள் நான்கு பெட்டி மூடுவதற்குள் அவள் ஐந்து மூடிவிட்டு, அடுத்த மேஜையில் நடக்கும் வம்பையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பாள்.

இத்தனையும் எட்டு விரலால். அது அந்தப் பிரிவில் ஒருவருக்கும் தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன் அவள் தகடு வெட்டும் பிரிவில் இருந்தாள். ஒரு நாள் தகட்டின் விளிம்பு அவளுடைய வலது உள்ளங்கையில், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே, ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. வலிகூட உடனே தெரியவில்லை. பயம்தான் முதலில் வந்தது. அந்த மாதம்தான் அதே பிரிவில் ஒருவருக்குக் கட்டை விரல் போயிருந்தது. நிர்வாகம் அவருக்கு ஒரு நன்றிக் கடிதமும் கொஞ்சம் பணமும் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தது. பிடிமானம் இல்லாத கை தொழிற்சாலைக்கு உதவாது என்பது அங்கே எங்கும் எழுதி மாட்டாத, எல்லோருக்கும் மனப்பாடமான சட்டம். அவள் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். யாரும் கேட்டால் சமையலறைக் கத்தி என்று சொல்வதாக வழியிலேயே முடிவாகிவிட்டது.

தையல் பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு விரல்களும் நீட்டினால் ஒழுங்காக நீளும். மடக்கினால் பாதி வழியில் நின்றுகொண்டு, இதற்குமேல் எங்களால் ஆகாது என்று சொல்லிவிடும். இயந்திரச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி அவள் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். மூன்று விரலும் உள்ளங்கையின் அடிச்சதையும் போதும் என்று வேலையைக் கற்றாள். போதாத இடத்தில் வேகத்தால் ஈடுகட்டினாள். வேகமாக அசையும் கையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வீட்டில் மட்டும் மறைக்க வேண்டியதில்லை. கணவர் பஸ் கண்டக்டர். ஒரு நாளைக்கு ஆயிரம் கைகளைப் பார்ப்பவர், மனைவியின் கையைப் பார்க்காமல் இருப்பாரா? எட்டு வருஷமாக அந்த வீட்டில் சூடான எதையும் அவள் வலது கையால் ஊற்றியதில்லை. இடது கையால் ஊற்றுவாள், அல்லது கண்டக்டர் ஊற்றுவார். அதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதும் இல்லை.

அந்தக் காலத்தில் தொழிற்சாலை செய்துகொண்டிருந்த கெட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றில் பெரிய பூ, மூடியில் சின்னப் பூ, கைப்பிடி முழுக்க இலையும் கொடியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நெருப்பில் வைத்த பிறகு அந்தக் கொடி பழுக்கக் காய்ந்துவிடும். கந்தல் துணி இல்லாமல் தொட முடியாது. துணியோடு பிடித்தால் இலை விரலில் குத்தும். டீ குடித்து முடித்த பிறகும் கையில் கொடி படர்ந்திருக்கும். இதை ஐம்பது வருஷமாக ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை. கெட்டில் என்றால் சுடும், அவ்வளவுதான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நிர்வாகம் ஒருவரை வேலைக்கு எடுத்தது. பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பது மட்டும்தான் அவர் வேலையாம். அதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது என்பதையே தொழிற்சாலை அன்றுதான் கேள்விப்பட்டது. வாசல் காவலர் தன் நோட்டில் 'படம் வரைபவர்' என்று எழுதிக்கொண்டார். சட்டை, பேனா, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் களிமண் ஒட்டியபடி திரிந்ததால் மற்றவர்களுக்கு அவர் களிமண் சார். முப்பது வயதுதான் இருக்கும். நல்ல மனுஷர், ஆனால் தலைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் மாடிப்படி எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது. இரண்டு தடவை விழுந்திருக்கிறார்.

வந்த வேகத்தில் பூவை எடுத்தார், கொடியை எடுத்தார். வயிறு வழவழவென்று, மூக்கு குட்டையாக, மூடியில் ஒரு சின்னக் குமிழ், ஆவி வந்தால் கூப்பிட ஒரு விசில். மாதிரியை மேஜையில் வைத்தபோது மேனேஜர் அதை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க இது, மொட்டையா இருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து அது மொட்டைக் கெட்டில்.

கைப்பிடியைச் சூடேறாத கறுப்பு பேக்கலைட் பிளாஸ்டிக்கில் செய்வது என்று முடிவாயிற்று. என்ன வடிவத்தில் என்பதுதான் கேள்வி. யார் வீட்டுக்குப் போகும், யார் பிடிப்பார்கள் என்று தெரியாத ஒரு பொருளுக்கு யார் கையை அளவு வைப்பது? களிமண் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மத்தியானம் தொழிற்சாலையில் அறுபத்தோரு பேரை வரிசையில் நிற்க வைத்து, கையைக் காகிதத்தில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் ஓரம் வரைந்தார். பெண்கள் கூச்சத்தில் சிரித்தார்கள். நகத்தில் கறை இருக்கிறதே என்று ஒருத்தி ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். நீளம், அகலம், விரலின் பருமன் எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தார். அந்தச் சராசரிக்கு மயிரிழை தவறாமல் பொருந்திய கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுபத்தோரு பேரும் கையை விரித்துத்தான் காட்டினார்கள். மடக்கிக் காட்டுங்கள் என்று களிமண் சார் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்.

"அக்கா, நீங்கதான் எங்க அளவு" என்று அவர் ஓடி வந்து சொன்னபோது அவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குத்தான் எட்டு வருஷமாகப் பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மாடிக்குப் போனாள்.

அங்கே தண்ணீர் நிரப்பிய கெட்டில் ஒன்று, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் களிமண் உருளையோடு இருந்தது. அதைத் தூக்கி ஊற்றச் சொன்னார். அவள் அந்த இரண்டு விரல்களையும் களிமண்ணில் பதிய வைத்துவிடப் பாடுபட்டாள். முகம் கோணியது.

"யோசிக்காதீங்க அக்கா! வீட்டுல ஊத்துற மாதிரி ஊத்துங்க!"

வீட்டில் இடது கையால் ஊற்றுவேன் என்றா சொல்வது? கெட்டிலின் கனத்தை உள்ளங்கையின் அடிச்சதையில் வாங்கி, கட்டை விரலை மேலே அழுத்தி, இரண்டு விரலைச் சுற்றி, மீதி இரண்டையும் சும்மா சாய்த்து வைத்தாள். கெட்டில்களைத் தூக்கிக் காகிதத்தில் வைக்கும் அதே பிடி. அவர் களிமண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"பாருங்க! மனுஷன் அஞ்சு விரலாலயும் பிடிக்கிறதே இல்ல! இந்த ரெண்டும் சும்மா கூட வருது, அவ்வளவுதான்!"

படித்தவருக்கு ஒரு கொள்கை கிடைத்துவிட்டால் அப்புறம் எதிரே இருக்கும் ஆள் கண்ணுக்குத் தெரியாது. 'சோம்பேறி விரல்கள்' என்று தலைப்புப் போட்டு நிர்வாகத்துக்கு நான்கு பக்கம் அறிக்கை எழுதினார். கைப்பிடி அப்படியே பிறந்தது: அடியில் உள்ளங்கை உட்கார அகலமாக, மேலே கட்டை விரலுக்கு ஒரு குழி, பின்பக்கம் அந்த இரண்டு விரல்களிடமும் எதையும் கேட்காமல் வழவழப்பாக. பத்துப் பேரிடம் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பத்துப் பேரும் நன்றாக இருக்கிறது சார் என்றார்கள். கோட்டுப் போட்டவர் நீட்டினால் செங்கல்லைக்கூட அந்தப் பத்துப் பேரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மடிப்பக்காவுக்கு இது தெரியும். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே.

முதல் தவணையாக ஆறாயிரம் கெட்டில் போயிற்று. தன் மேஜைக்கு வந்தவற்றையெல்லாம் அவளே மடித்து அனுப்பினாள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு வீட்டு அடுப்புக்குப் போகிறது. அந்த வீட்டில் எல்லா விரலும் ஒழுங்காக மடங்கும் ஒருத்தி இருப்பாள். ஊனக் கைக்குச் செய்த பிடியை அவள் நல்ல கையால் பிடிப்பாள். அது எக்குத்தப்பாகத் திரும்பும். கொதிக்கிற தண்ணீர் காலில் விழும், பக்கத்தில் விளையாடும் பிள்ளைமேல் விழும். மடிக்கும்போதெல்லாம் இதுதான் ஓடியது. சாப்பாடு இறங்கவில்லை. கண்டக்டரின் பெல்ட்டும் அவளுடைய ரவிக்கையும் ஒரே மாதத்தில் தளர்ந்தன. மனைவி சாப்பிடாவிட்டால் அவருக்கும் இறங்காது.

வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கெட்டில் இலவசமாகக் கொடுத்தார்கள். அவள் கொண்டுவந்து அலமாரி உச்சியில் பெட்டியோடு ஏற்றிவிட்டாள். பள்ளிக்கூடம் போகும் மகள் இரண்டு தடவை நாற்காலி போட்டு எடுக்கப் பார்த்துத் திட்டு வாங்கினாள்.

"நீயே கட்டின, நீயே தூக்கிட்டு வந்த, நீயே பிரிக்க மாட்டேங்கிற. உள்ள கெட்டில்தான இருக்கு, பாம்பு ஒண்ணும் இல்லையே?" என்றார் கண்டக்டர்.

"அது இருந்துட்டுப் போகுது. உங்களுக்கென்ன?"

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திங்கட்கிழமை முதல் இரண்டாம் தவணை. இந்தத் தடவை இருபதாயிரம் கைப்பிடிக்கு அச்சு ஓடப்போகிறது என்றார் சூப்பர்வைசர். மத்தியானம் தபால் பிரிவு ஆள் ஒரு சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு பேக்கிங் வழியாகப் போனான்.

"மொட்டைக் கெட்டிலுக்கு மூட்டை நிறைய புகார் வந்திருக்கு! களிமண் சாருக்கு இன்னிக்கு நல்ல சாப்பாடுதான்!" என்று சிரித்துவிட்டு மாடி ஏறினான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் எல்லாவற்றையும் கண்டக்டரிடம் சொன்னாள். கை விஷயம் அவருக்குத் தெரியும். அந்தக் கைதான் ஆறாயிரம் கைப்பிடியாகிப் போயிருக்கிறது என்பது தெரியாது. அவர் வழக்கம்போல் ஒரு ஜோக்கில் ஆரம்பிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொன்னா வேலை போயிடும்" என்றாள்.

"போகலாம்."

"சொல்லலேன்னா இன்னும் இருபதாயிரம் போகும்."

கண்டக்டர் விரலைச் சொடுக்கினார்.

"இங்க பாரு. எவனோ ஒருத்தன் கால்ல கொதிதண்ணி விழுந்துச்சுன்னா அப்புறம் நீ தூங்க மாட்ட. உனக்கு வேலை போச்சுன்னா நான் தூங்க மாட்டேன். யாராவது ஒருத்தர் தூங்கித்தான் ஆகணும். நான் வேணா பஸ்ல தூங்கிக்கிறேன், நீ போய்ச் சொல்லிடு."

சனிக்கிழமை அரை நாள் வேலை. மணி அடித்ததும் மற்றவர்கள் வாசலுக்குப் போனார்கள், அவள் மாடிக்குப் போனாள். கைக்குட்டையால் வலது கையைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். அழுக்கு எதுவும் இல்லை.

களிமண் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கடிதங்கள். சுவரில் அறுபத்தோரு கைகள். நடுவில் சிவப்புப் பென்சிலில் அவளுடைய கை.

"வாங்கக்கா! நானே உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்."

முடிந்தது கதை என்று நினைத்தாள். அதனால் ஒரு நன்மை, தயக்கம் போய்விட்டது.

"சார், திங்கட்கிழமை அச்சு ஓட வேணாம்னு சொல்லிடுங்க. நீங்க எடுத்த அளவு தப்பு. தப்பு உங்களுது இல்ல, என்னுது. இந்தக் கையைப் பாருங்க, நான் மடக்குறேன்."

மூன்று விரல் மடங்கியது. இரண்டு நின்றது.

அவர் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கெட்டிலைப் பார்த்தார். பேயறைந்தவர்போல் ஆகிவிட்டார்.

"நாலு பக்கம் எழுதினேனே அக்கா… சோம்பேறி விரல்னு…"

"சோம்பேறி இல்ல சார். நரம்பு அறுந்து போன விரல்."

தகட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்த பிறகு மெதுவாக, "நான் ஏன் மடக்கச் சொல்லல?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. மேலதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

"கடிதத்துல என்ன சார் எழுதியிருக்காங்க? யாருக்காவது கொட்டிடுச்சா?"

"தெரியலக்கா. இருநூத்திப் பதினாலு கடிதம். நேத்து சாயங்காலம் உட்கார்ந்தேன், நாப்பதுகூடத் தாண்டல. பிரிக்கத்தான் உங்களைக் கூப்பிடலாம்னு நெனச்சேன். உங்க கைதான வேகம்."

இந்த மனுஷரை அடிப்பதா, கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். அவள் பிரித்து நீட்ட, அவர் படித்து வகைவாரியாக அடுக்கினார். சமயத்தில் அவளும் படித்தாள். ஒவ்வொரு உறையின் வாயைக் கிழித்ததும் முதலில் 'கைப்பிடி' என்ற சொல்லைத்தான் தேடினாள்.

மூடிக் குமிழ் சுடுகிறது. மூடிக் குமிழ் கையில் அகப்படவில்லை. மூடிக் குமிழ் மூன்றாம் நாளே கழன்று டீயில் விழுந்தது. பச்சை கேட்டேன், நீலம் வந்திருக்கிறது. விருந்தாளிகள் இதைப் பார்த்து ஆஸ்பத்திரிச் சாமானா என்று கேட்கிறார்கள், தயவுசெய்து ஒரு பூவாவது போடவும். விசில் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுகிறது. விசில் சத்தம் போதவில்லை, எனக்குக் காது மந்தம். பெட்டியின் வாயை இப்படி மடித்தது யார்? ஒருமுறை பிரித்தால் திரும்ப மூட முடியவில்லை, என் தம்பி பொறியாளர், அவனாலும் முடியவில்லை.

அந்தப் பெட்டிக் கடிதத்தைப் படித்துவிட்டுக் களிமண் சார் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

நூற்றைம்பதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு கடிதத்தில் அவள் கண் ஒரு வரியில் குத்திட்டு நின்றது. 'கொதிக்கிற தண்ணீர் என் காலில்.' அதற்குமேல் படிக்கவில்லை. கடிதத்தை நீட்டினாள். அவர் வாங்கி முதலிலிருந்து உரக்கப் படித்தார்.

"'உங்கள் விசிலைக் கேட்டு மிரண்ட என் பூனை மேஜையிலிருந்து என் கை மேலேயே பாய்ந்தது. கொதிக்கிற தண்ணீர் என் காலில் கொட்டியிருக்கும். நல்லவேளை, கெட்டில் கையை விட்டு அசையவில்லை. விசிலை மாற்றுங்கள். பூனை இன்னும் வீட்டுக்கு வரவில்லை.'"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனைக்காக வருத்தப்பட வேண்டிய இடம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் தாண்டியபோது சாக்கு காலியாயிற்று. குமிழுக்கு ஒரு குவியல், விசிலுக்கு ஒரு குவியல், நிறத்துக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, பெட்டி மடிப்புக்கு ஒரு சின்னக் குவியல். கைப்பிடிக்கு என்று அவர் முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் தரைதான் தெரிந்தது. ஆறாயிரம் பேர் மூன்று மாதமாக அதைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அது அங்கே இருப்பதே ஞாபகம் வரவில்லை.

இன்னும் ஒரு உறை மேஜைக்கு அடியில் நழுவிக் கிடந்தது. மடிப்பக்கா குனிந்து எடுத்துப் பிரித்தாள். தட்டச்சு செய்த கடிதம். எழுத்துகள் மேலும் கீழுமாக இருந்தன. மேலேயே 'புகார்' என்று அடிக்கோடு போட்டிருந்தது. அவளே படித்தாள்.

'முப்பது வருஷம் தட்டச்சு வேலை பார்த்தவள் நான். இப்போது விரல் மூட்டுகள் வீங்கி எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. நான்கு வருஷமாக என் டீயை யாராவது வந்து ஊற்றித் தர வேண்டும். அவர்கள் வரும் நேரம்தான் எனக்கு டீ நேரம். உங்கள் கெட்டில் வந்ததிலிருந்து நானே ஊற்றிக்கொள்கிறேன். இறுக்கிப் பிடிக்காமலே அது கையில் நிற்கிறது. என் புகார் என்னவென்றால், உங்கள் தொழிற்சாலை செய்யும் வாணலிக்கு ஏன் இந்தக் கைப்பிடி இல்லை? கெட்டிலுக்குச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அது தெரியாதா?'

அவளால் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. கண் மறைத்தது. முகம் தெரியாத அந்த அம்மாள் எந்த வீட்டிலோ, தனக்கு வேண்டிய நேரத்தில், தன் டீயைத் தானே ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போவதை மடிப்பக்கா உடம்பிலேயே உணர்ந்தாள். அழுகையா மூச்சா என்று தெரியாமல் ஒன்று வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் உள்ளே வந்தார். அச்சு ஓட்டலாமா வேண்டாமா என்று கேட்க வந்தவர், தரையில் கடிதக் குவியலுக்கு நடுவே ஒரு தொழிலாளி அழுவதையும் களிமண் சார் மூக்கை உறிஞ்சுவதையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, அவ்வளவு மோசமா?"

களிமண் சார் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்று, தானே கையை நீட்டி மடக்கிக் காட்டி, தானே சொன்னாள். இந்தத் தடவை சுருக்கமாக வந்தது. கடிதத்தையும் நீட்டினாள். மேனேஜர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு கெட்டிலை எடுத்துத் தன் கையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்.

"எட்டு வருஷமா?"

"ஆமா சார்."

"ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி மூடுறீங்க?"

"முந்நூத்தி அம்பது சார்."

"மத்தவங்க?"

"இருநூத்தி எண்பது" என்றார் களிமண் சார்.

"அப்போ கோளாறு யார் கையில?" என்றார் மேனேஜர். சிரிக்காமல்தான் சொன்னார், அவர் எதையும் சிரித்துச் சொன்னதில்லை. "மறைச்சது தப்புதான். ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நாங்க உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அதுவும் தப்புதான்." கெட்டிலைக் கீழே வைத்தார். "திங்கட்கிழமை அச்சு ஓடட்டும். மூடிக் குமிழை மட்டும் சரி பண்ணுங்க. அப்புறம் வாணலிக்கு அளவு எடுக்கணும். இந்த அம்மா கையிலயே எடுங்க. இந்தத் தடவையாவது மடக்கச் சொல்லிப் பாருங்க."

களிமண் சார் தலையைத் தலையை ஆட்டினார். அந்த நான்கு பக்க அறிக்கையைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட முடியுமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

மாடிப்படியில் பாதிதான் இறங்கினாள். அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்தாள். கீழே தொழிற்சாலை காலியாக, அமைதியாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, மடங்காத இரண்டு விரல்களையும் ரொம்ப நாள் பார்க்காதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வேலை போகவில்லை. யார் காலிலும் தண்ணீர் விழவில்லை. இனிமேல் யார் முன்னாலும் கையை வேகமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆளில்லாத படிக்கட்டில் அது நன்றாகவே எதிரொலித்தது. பசித்தது, மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கொடூரமாகப் பசித்தது.

வீட்டு வாசலிலேயே கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். நேரமாகிவிட்டதால் அவர் முகம் ஏற்கனவே துக்கம் விசாரிக்கத் தயாராக இருந்தது.

"போச்சா?"

"இல்ல. வாணலிக்கும் என் கைதானாம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்குவதற்கும் நிற்கவில்லை. நாற்காலியைப் போட்டு அலமாரி உச்சியிலிருந்து பெட்டியை இறக்கினாள். தன்னுடைய மடிப்பைப் பிரிக்கத் தனக்கே நேரம் எடுத்தது; கடிதம் போட்டவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கெட்டிலைக் கழுவி, நிரம்பத் தண்ணீர் ஊற்றி, டீத்தூளும் பாலும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். விசில் கத்தியது. மகள் உள்ளறையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

கண்டக்டர் கந்தல் துணியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் அடுப்பை நோக்கி வந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றாள்.

"கனமா இருக்கும், முழுசா இருக்கு."

"உட்காருங்கங்கிறேன்ல."

வலது கையைக் கொண்டுபோனாள். உள்ளங்கையின் அடிச்சதை தன் இடத்தில் உட்கார்ந்தது, கட்டை விரல் குழியில் விழுந்தது, இரண்டு விரல் சுற்றிக்கொண்டது. மீதி இரண்டும் எதுவும் செய்யாமல், யாரும் எதுவும் கேட்காமல், சாய்ந்து கிடந்தன. நிரம்பிய கெட்டிலைத் தூக்கினாள். அது அசையவில்லை.

கண்டக்டர் கோப்பையை நீட்டினார். முன்னெச்சரிக்கையாகக் காலை மட்டும் நாற்காலிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார். அவள் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அவர் நிரம்பிய கோப்பையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

மகளுக்கு ஊற்றினாள். தனக்கு ஊற்றினாள். கெட்டிலில் இன்னும் பாதி இருந்தது. கீழே வைக்க மனம் வராமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடிச்சு முடிச்சிட்டீங்களா?" என்றாள் கண்டக்டரைப் பார்த்து. "நீட்டுங்க, இன்னொண்ணு ஊத்துறேன்."

அவர் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. சுடச்சுட மடக்கென்று குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கோப்பையை நீட்டினார்.